கரண்ட் ஆற்றில் மூன்று நாள்: ஒரு படகுக் குறிப்பேடு

செப்டம்பர் 6, சனி

இந்த வருஷப் பயணம் வரும் வெள்ளி. ஆறு பேர், மூன்று கனூ (ஒடுங்கிய துடுப்புப் படகு), இரண்டு இரவு. அமெரிக்காவின் மிசூரி மாநிலத் தென்பகுதியில், ஓசார்க் மலைகளில் சீடர்குரோவ் என்ற இடத்தில் படகை இறக்கி ரவுண்ட் ஸ்பிரிங்கில் ஏற்றுகிறோம். மொத்தம் 28 மைல் அளவில் வரும். கரண்ட் என்றதும் நமக்கு மின்சாரம்தான் ஞாபகம் வரும். பிரெஞ்சுக்காரர்கள் 'ஓடும் ஆறு' என்ற பொருளில் வைத்த பெயர் அது.

செப்டம்பரைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. மாத முதல் திங்களில் வரும் தொழிலாளர் தின விடுமுறை முடிந்ததும் டியூப் மிதவைக் கூட்டம் காணாமல் போகும். கோடை கடைசியில் பக்கத்து ஆறுகள் பல கல் தட்டும் அளவுக்கு வற்றிவிடும். இது ஊற்றுநீரில் ஓடுவதால் வற்றாது. 1964இல் சட்டம் போட்டு, கரண்ட் ஆற்றையும் அதன் துணையாறான ஜாக்ஸ் ஃபோர்க்கையும் சேர்த்து 134 மைல் ஆற்றைத் தேசியப் பூங்கா நிர்வாகத்தின் கீழ் கொண்டுவந்தார்கள். அதனால் கரையில் வீடுகள் குறைவு, கூழாங்கல் திட்டுகளில் கூடாரம் போடவும் முடிகிறது.

இன்றைய வேலை பீர்ப் பட்டியல். கண்ணாடி பாட்டில் அறவே கூடாது, கேன் மட்டும். நான்கு கேலனுக்கு மேல் கொள்ளும் மதுப் பாத்திரமும் புனல் குழாய் வைத்துக் குடிக்கும் சாமானும் மிசூரி ஆறுகளில் சட்டப்படி தடை. ஆகவே பீப்பாய் ஆசையை விட்டுவிடலாம். ஐஸ் பெட்டிக்கு இறுக மூடும் மூடி வேண்டும். குப்பைக்கு வாய் கட்டக்கூடிய பை ஒன்று படகிலேயே கட்டியிருக்க வேண்டும். கையில் பிடித்திருக்கும் கேன்கூட மிதக்கும் உறைக்குள் இருக்க வேண்டும் என்பது பலருக்குத் தெரியாத விதி. ஆளுக்கு இரண்டு நுரை உறை வாங்கியாயிற்று.

ஆளுக்கு நாளைக்கு ஐந்து என்று வைத்தால் 90 கேன். பகலில் துடுப்புப் போடும்போது ஆல்கஹால் 4.4 சதவீதத்தைத் தாண்டாத சரக்கு: ஷ்லாஃப்லி பேல் ஏல், பூல்வார்ட் கோதுமை பீர். அதே பூல்வார்டின் டேங்க் 7 என்பது 8.5 சதவீதம், ஏறக்குறைய இரட்டிப்பு. அதைக் கூடாரம் போட்ட பிறகுதான் திறக்க வேண்டும். வெயிலில் கேனின் அளவை மட்டும் பார்த்து எண்ணுபவர்களுக்குத்தான் மதியத்துக்குள் மப்பு ஏறும்.

செப்டம்பர் 10, புதன்

ஐஸ் கணக்கு. ஆண்டுதோறும் தவறு நடப்பது இதில்தான்.

90 கேனை இரண்டு 45 லிட்டர் பெட்டியில் பாதிப் பாதியாகப் போடுகிறோம். பெட்டிக்கு 45 கேன், அதாவது 16 லிட்டர் பீர். கார் டிக்கியில் 30 டிகிரியில் கிடந்த பீரை அப்படியே பெட்டியில் போட்டால், 4 டிகிரிக்குக் கொண்டுவர மட்டும் ஐந்து கிலோவுக்கு மேல் ஐஸ் உருக வேண்டும். பெட்டியில் மிஞ்சிய இடத்தில் பிடிப்பதே ஒன்பது கிலோதான். ஆக, படகு இறங்கும் முன்பே பாதி ஐஸ் போய்விடும். பிறகு "பெட்டி மட்டமான பெட்டி" என்று பழி சொல்வோம். வழி சுலபம்: இன்றே எல்லா கேனையும் ஃப்ரிட்ஜில் அடுக்கியாயிற்று. வெள்ளிக் காலை நேரே பெட்டிக்குள். காலிப் பெட்டிக்குள்ளும் முந்தைய இரவே ஒரு பை ஐஸ் போட்டு மூடி வைத்தால் சுவரின் சூடு இறங்கும். காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதிதாக அடுக்கலாம்.

அடியில் பாளம், மேலே உதிரி. பாளத்துக்கு இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் ஊற்றி உறையவைக்கிறோம். உறையும்போது நீர் ஒன்பது சதவீதம் பெருகும். கழுத்துவரை ஊற்றினால் பாட்டில் பிளந்துவிடும், கால் லிட்டர் இடம் விட வேண்டும். உருகினால் அதுவே குடிதண்ணீர்.

உருகிய நீரைத் திறந்துவிடலாமா என்ற சண்டை ஒவ்வொரு வருஷமும் வரும். பீர்ப் பெட்டியில் விடக் கூடாது. ஐஸ் மிதக்கும் தண்ணீரும் பூஜ்யத்தையொட்டிய குளிரில்தான் இருக்கும், கேனைச் சுற்றிலும் தழுவிக் குளிர்விக்கும். சாப்பாட்டுப் பெட்டியில் கட்டாயம் விட வேண்டும். இறைச்சிப் பொட்டலத்தில் தண்ணீர் புகுந்தால் சமையல் கெட்டது. இரண்டையும் ஒரே பெட்டியில் வைக்காததற்கு இன்னொரு காரணம், பீர்ப் பெட்டி மணிக்குப் பத்துத் தடவை திறக்கும், சாப்பாட்டுப் பெட்டி நாளைக்கு மூன்று தடவைதான்.

செப்டம்பர் 11, வியாழன்

நம் வழியில் வரும் ஏக்கர்ஸிலும் ஆற்றில் இன்னும் கீழே உள்ள வான் பியூரன் ஊரிலும் அரசின் நீர்மட்ட அளவுகோல்கள் இருக்கின்றன. அன்றைய எண்ணை மட்டும் பார்ப்பதில் பயனில்லை, மூன்று நாள் வரைபடத்தில் கோடு எப்படிப் போகிறதென்று பார்க்க வேண்டும். கோடு தட்டையாக இருந்தால் ஊற்றுநீர் மட்டும் ஓடுகிறது. செங்குத்தாக ஏறினால் மேலே மழை. இந்த மலைகளில் மண் மெல்லியது, சரிவு அதிகம், பெய்த மழை சில மணி நேரத்தில் ஆற்றுக்கு வந்துவிடும். 2017 ஏப்ரல் கடைசியில் வான் பியூரனில் 37 அடி ஏறியது. அதற்கு முந்தைய உச்சமே 1904இல் 29 அடி. இப்போது கோடு பாய் விரித்த மாதிரி கிடக்கிறது. கிளம்பலாம்.

விறகு ஊரிலிருந்து எடுத்துப்போவதில்லை. ஆஷ் மரத்தைத் துளைக்கும் மரகத வண்டு மிசூரியில் 2008இலேயே வந்துவிட்டது, விறகோடு காரில் ஏறித்தான் ஊர் ஊராகப் பரவுகிறது. திட்டில் ஒதுங்கிய காய்ந்த கட்டையே போதும். சாமான் எதையாவது மறந்திருந்தால் சேலம் ஊரிலேயே வாங்கிவிட வேண்டும். (ஆமாம், இங்கேயும் ஒரு சேலம், மாம்பழம் மட்டும் கிடைக்காது.) அதைத் தாண்டினால் போன் சிக்னலும் அரைகுறைதான்.

செப்டம்பர் 12, வெள்ளி. சீடர்குரோவ்

காரை ரவுண்ட் ஸ்பிரிங்கில் விட்டு, வாடகைப் படகுக்காரரின் வண்டியில் மேலே வந்து இறங்குவதே நல்லது. கடைசி நாள் ஈரத்துணியோடு வண்டிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

ஏற்றும் முறை. மீனவர் பேச்சில் சொன்னால் படகின் முன்மூக்கு அணியம், பின்புறம் அமரம். நிரம்பிய பீர்ப் பெட்டி 30 கிலோ. அதை நடுக் குறுக்குச் சட்டத்தை ஒட்டித் தரையோடு தரையாக வைக்க வேண்டும். அதன் மேல் எதையும் ஏற்றக் கூடாது. அமரம் அணியத்தைவிட இரண்டு விரல் தாழ்ந்திருந்தால் போதும். அணியம் தாழ்ந்தால் நீரோட்டம் மூக்கைப் பிடித்துத் திருப்பும், அமரத்தில் இருப்பவர் என்ன செய்தாலும் படகு கேட்காது. ஏற்றியபின் விளிம்புக்கும் தண்ணீருக்கும் ஒரு சாண் இடைவெளி இல்லையென்றால் ஏதோ ஒன்றை வேறு படகுக்கு மாற்ற வேண்டும்.

எல்லாவற்றையும் குட்டையான பட்டையால் சட்டத்தோடு கட்டுகிறோம். நீளக் கயிறு விட்டுக் கட்டினால் கவிழும்போது கால் மாட்டும். பீர் கேனை வலைப்பையில் போட்டு படகுக்குப் பின்னால் இழுத்துவருவது பார்க்க அழகு, முதல் வேரில் சிக்கிப் படகைக் குறுக்கே திருப்பிவிடும்.

லைஃப் ஜாக்கெட் ஆளுக்கொன்று படகில் இருக்க வேண்டும், ஏழு வயதுக்குட்பட்டவர்கள் போட்டே இருக்க வேண்டும் என்பது சட்டம். பீர் குடிப்பவர்களையும் ஏழு வயதாகவே கணக்கில் கொள்வது எங்கள் வழக்கம்.

மேல்பகுதி குறுகல், வளைவு அதிகம். வளைவுகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக. நீரோட்டம் படகை வெளிவளைவுக்குத் தள்ளும். அங்கேதான் கரை அரித்து வேரோடு சாய்ந்த மரம் கிடக்கும். தண்ணீர் கிளைகளுக்குள் புகுந்து போய்விடும், ஆளும் படகும் போகாது, சல்லடையில் கப்பி நிற்பதுபோல் நின்றுவிடும். புதியவர்கள் மரத்தைப் பார்த்த பிறகு திருப்புவார்கள். அதற்குள் நேரம் கடந்திருக்கும். வளைவு கண்ணில் பட்டதுமே உள்வளைவுத் திட்டுப் பக்கம் மூக்கைத் திருப்பி, முன்கூட்டியே நான்கு வலி வலித்து ஒதுங்கிக்கொள்ள வேண்டும். உள்வளைவில் அதிகம் போனால் தரை தட்டும். தட்டினால் இறங்கித் தள்ளிக்கொள்ளலாம், அவமானம் மட்டும்தான் நஷ்டம்.

மரத்திலோ பாறையிலோ குறுக்காக மோதிவிட்டால் உடம்பு தானாக எதிர்ப்பக்கம் சாயும். அதுதான் கவிழ்க்கிறது: மேல்நீர்ப் பக்க (நீர் வரும் பக்க) விளிம்பு தாழ்ந்து ஆறு உள்ளே ஏறும். பாறையைக் கட்டிப்பிடிப்பதுபோல் அதன் பக்கமே சாய வேண்டும். விழுந்துவிட்டால் மல்லாந்து, கால் முன்னே, படகுக்கு மேல்நீர்ப் பக்கம். நீர் நிறைந்த படகு அரை டன்னுக்கு மேல், அதற்கும் பாறைக்கும் நடுவில் நிற்கக் கூடாது. கிளைமரம் எதிரே வந்து தப்ப வழியில்லை என்றால் மட்டும் விதி தலைகீழ்: குப்புறத் திரும்பி, தலை முன்னே வேகமாக நீந்தி, மரத்தின் மேல் ஏற வேண்டும். கால் முன்னே போனால் கிளைக்கடியில் இழுக்கும்.

மாலையில் வெல்ச் ஊற்று. ஆற்றின் அளவே இங்கே மாறுகிறது. ஊற்று வந்து சேர்ந்ததும் தண்ணீர் கிட்டத்தட்ட இரட்டிப்பாகி, நிறம் நீலப் பச்சையாகி, காலில் சுருக்கென்று குத்துகிறது. வருஷம் முழுக்க 14 டிகிரி. பக்கத்தில் கூரையில்லாத கற்சுவர்: குகைக் காற்று ஆஸ்துமாவுக்கு நல்லது என்று ஒரு மருத்துவர் கட்டிய மருத்துவமனையின் மிச்சம்.

இரவு ஊற்றுக்குக் கீழே திட்டில். திட்டைத் தேர்ந்தெடுக்கும் முன் சருகுக்கோடு எங்கே இருக்கிறதென்று பார்க்க வேண்டும். பழைய வெள்ளம் விட்டுப்போன சுள்ளியும் இலையும் வரிசையாகக் கிடக்கும், கூடாரம் அதற்கு மேலே. இரு பக்கமும் நீர் ஓடும் தீவுத் திட்டு வேண்டவே வேண்டாம், மட்டம் ஏறினால் வெளியேற வழியிருக்காது. கூழாங்கல்லில் முளை நிற்காது. கயிற்றை ஒரு முழக் கட்டையின் நடுவில் கட்டி, கட்டையை ஓரடி ஆழம் புதைத்து மேலே கல்லை ஏற்றினால் அசையாது. படகுகளை மேட்டுக்கு இழுத்துக் கவிழ்த்து மரத்தில் கட்டியாயிற்று. நீரோரம் ஒரு குச்சி நட்டு வைத்திருக்கிறோம். இரவில் எழுந்திருப்பவர் (பீர் புண்ணியத்தில் எல்லோருமே எழுந்திருப்போம்) டார்ச் அடித்துக் குச்சியைப் பார்த்துவிட்டுப் படுக்க வேண்டும்.

செப்டம்பர் 13, சனி. ஏக்கர்ஸ் – புல்டைட்

காலையில் ஆற்றின் மேல் கெட்டி மூடுபனி. ஒன்பது மணிக்கு முன் கிளம்புவதில் லாபமில்லை, வளைவில் மரம் தெரியாது.

இன்று பத்து மைல், நிற்கும் நேரத்தையும் சேர்த்து ஆறு மணி நேரம். பாதி வழியில் கேவ் ஸ்பிரிங், குகைக்குள்ளிருந்து வரும் ஊற்று. படகை நேரே உள்ளே விடலாம். வாய்க்குள் நுழைந்ததும் வெளிச்சம் சட்டென்று அடங்கி, துடுப்புச் சொட்டும் சத்தம் கூரையில் பட்டுத் திரும்புகிறது. டார்ச்சைக் கீழே அடித்தால் தண்ணீர் கறுத்து இறங்கிக்கொண்டே போகிறது, அடி தெரியவில்லை. ஒவ்வொரு படகாகப் போவது உத்தமம், உள்ளே திருப்ப இடம் குறுகல்.

மதியம் ஓய்வெடுத்த திட்டில், கிளை ஊற்று கலக்கும் ஓரத்தில் வலைப்பையைக் கட்டிப்போட்டோம். 14 டிகிரி லாகர் வகை பீருக்குப் போதாது. ஸ்டவுட்டுக்கும் ஏலுக்கும் அளவான குளிர், நாக்கு மரத்துப்போகாமல் மால்ட் ருசி தெரியும். அவற்றை ஐஸில் புதைப்பது ஐஸுக்கும் பீருக்கும் வீண். பை மறையக் கல்லைப் புரட்டி அணை கட்டுவது மட்டும் தவறு. தட்டைக் கல்லுக்கடியில் ஹெல்பெண்டர் என்னும் பெரிய நீர்ப்பல்லி குடியிருக்கும். ஓசார்க் வகை 2011 முதல் அழியும் இனப் பட்டியலில் இருக்கிறது.

இரவுச் சமையல், செயின்ட் லூயிஸ் பக்கத்துப் பன்றித்தோள் ஸ்டேக். வீட்டிலேயே கல்லாக உறையவைத்து வந்ததால் நேற்றுவரை அதுவும் ஒரு ஐஸ் பாளம். விரல் தடிமன் துண்டு. தணலில் பக்கத்துக்கு ஐந்து நிமிடம், நிறம் வரும்வரை மட்டும். பிறகு அலுமினியத் தட்டில் அடுக்கி, ஒரு கேன் பீர், ஒரு பாட்டில் பார்பிக்யூ சாஸ் ஊற்றி அலுமினியத் தாளால் மூடி, தணலின் ஓரத்தில் ஒன்றரை மணி நேரம். பசியில் முக்கால் மணியில் எடுத்தால் வெந்திருக்கும், ஆனால் ரப்பர். தோள்கறியின் நரம்பு கரைய நேரம் வேண்டும். அடுப்புக்கு ஆற்றிலிருந்து எடுத்த ஈரக்கல்லை வைக்கக் கூடாது, உள்ளே புகுந்த நீர் ஆவியாகிக் கல் வெடிக்கும்.

படுக்கும் முன் பெட்டி மூன்றுக்கும் பட்டை போட்டு இறுக்க வேண்டும். கொக்கியை ரக்கூன் கைவிரலாலேயே திறந்துவிடும்.

செப்டம்பர் 14, ஞாயிறு. புல்டைட் – ரவுண்ட் ஸ்பிரிங்

ஆறு அகலமாகி, நீள நீள மடுக்கள். எதிர்காற்று வந்தால் மிதந்து போக முடியாது, வலித்தே ஆக வேண்டும். பீர்ப் பெட்டிகள் காலியானதால் நடுவில் கனம் போய் படகு ஆடுகிறது. பெட்டியில் உருகிய நீரை இப்போதும் கொட்டாமல் வைத்திருப்பது எடைக்கும் உதவும். கேன் குறையக் குறைய மிஞ்சிய ஐஸை ஒரே பெட்டிக்கு மாற்றியிருந்தோம், மதியம்வரை குளிர் நின்றது.

கரையேறுமிடத்தை நீரோட்டம் தாண்டவைத்துவிடும். பாலம் தெரிந்ததும் கரையோரம் ஒட்டிக்கொள்ள வேண்டும். ஊற்றை நடந்துபோய்ப் பார்க்கலாம்: குகைக் கூரை இடிந்து உண்டான வட்டக் கிணறு, அசையாத நீலம்.

செப்டம்பர் 16, செவ்வாய்

கூடாரங்களைக் காயவைத்தாயிற்று. பெட்டிகளைச் சமையல் சோடாக் கரைசலில் கழுவி, மூடி திறந்தபடியே வெயிலில். மூடினால் அடுத்த வருஷம் திறக்க முடியாத நாற்றம்.

மிசூரியில் காலி கேனுக்கு டெபாசிட் கிடையாது, எடைக்குத்தான் போட வேண்டும். அதற்கு முன் எண்ணிக்கை: காலி 79, திறக்காதது 9. இரண்டு குறைகிறது. மிதக்கும் உறைகள் பன்னிரண்டும் காய்ந்து, மடிப்புக் கலையாமல் சாப்பாட்டுப் பெட்டியின் அடியில் இருந்தன. அடுத்த வருஷம் அவற்றைக் கேனோடு சேர்த்தே கொடுக்க வேண்டும்.