களிக்குத் தராசு

தராசைக் காணோம். களி உருண்டை தட்டில் ஆவி பறக்கிறது, அவரைக்கொட்டைக் குழம்பு பக்கத்திலேயே கூப்பிடுகிறது, எடை போடாமல் கை வைப்பதில்லை என்று நான் உட்கார்ந்திருக்கிறேன்.

"எதிர்வீட்டு அக்கா வாங்கிட்டுப் போயிருக்கா. கொலுசு எத்தனை கிராம்னு பாக்கணுமாம்" என்றார் அம்மா. அடகு வைக்கப் போகும் முன் எடை தெரிந்துகொள்வது நல்லதுதான், சரி. ஆனால் போன வாரம் அதே தராசில் யாரோ புளி நிறுத்திருக்கிறார்கள். பட்டனை அமுக்கினால் இன்னும் விரல் ஒட்டுகிறது. தெருவில் எனக்கு இல்லாத மரியாதை அதற்கு.

கொழுப்பு குறைய வேண்டும், தசை கரையக் கூடாது. அதற்குத்தான் இந்தப் பாடு. சும்மா பட்டினி கிடந்தால் இரண்டும் சேர்ந்தே போய்விடும். அதனால் தினம் உடம்புக்குத் தேவையானதில் 500 கலோரி மட்டும் குறைத்து, கிலோ எடைக்கு 1.6 கிராம் புரதம் சாப்பிட்டு, கூடவே பளுவும் தூக்க வேண்டும். என் 80 கிலோவுக்கு 128 கிராம். கேழ்வரகு மாவில் நூறு கிராமுக்கு 7 கிராம்தான் புரதம். களியிலேயே கணக்கை முடிப்பதென்றால் ஒன்றே முக்கால் கிலோவுக்கு மேல் மாவு கிண்ட வேண்டும். துடுப்பு உடைந்துவிடும், அம்மா என்னை உடைத்துவிடுவார்.

கலோரி எண்ணும் செயலியில் தேடினால், களிக்குக் கன்னடப் பெயரான 'ராகி முத்தே' வருகிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் உஷாராகப் பதிந்து வைத்துவிட்டார்கள். நம் களிக்கு மாவு தனி, தண்ணீர் தனி என்று நானே கூட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு மாம்பழ சீசனில் கலோரி எண்ணுவது அதைவிடக் கொடுமை. அம்மா அரிந்து கையில் கொடுக்கும் துண்டுகளுக்குக் கணக்கே கிடையாதாம்.

ஒரு வழியாகத் தராசு வந்தது. என் உருண்டை ஆறிப்போன கடுப்பில் அம்மாவின் தட்டையும் தூக்கி வைத்தேன். என்னுடையதில் பாதிகூட இல்லை. மோரையும் குழம்பையும் சேர்த்து நாள் முழுக்கக் கூட்டிப் பார்த்தாலும் புரதம் 30 கிராம் தேறவில்லை. வயதானால் தசை தானாகவே குறையும் என்று இத்தனை படித்தவன், அந்தத் தட்டை இதுவரை எட்டிப் பார்த்ததில்லை.

ஒரு முட்டையை வேகவைத்து உரித்து அவர் தட்டில் வைத்தேன்.

"எனக்கெதுக்குடா? நான் என்ன உன்ன மாதிரி இரும்பா தூக்கறேன்?"

"சாப்பிடும்மா."

வெள்ளையை மட்டும் தின்றார். "இது உனக்குப் பிடிக்குமே" என்று மஞ்சள் கருவை என் களி மேல் வைத்துவிட்டு எழுந்து போனார். அது ஒரு 55 கலோரி.