என்ஓசி முதல் 'பின்' (PIN) நம்பர் வரை: ஒரு குமரி மாவட்ட நர்ஸின் அனுபவம்

இங்கிலாந்தில் நர்ஸாகப் பதிவு செய்ய என்னென்ன பரீட்சை எழுத வேண்டும் என்று மார்த்தாண்டத்தில் எந்தக் கோச்சிங் சென்டரில் கேட்டாலும் மணிமணியாகச் சொல்வார்கள். இங்குள்ள நர்ஸிங் கவுன்சிலில் பேப்பர்களை எப்படி நகர்த்துவது என்று சொல்லத்தான் ஆள் இல்லை. என் காலம் பெரும்பாலும் போனது அங்கேதான். அடுத்து வருகிற பிள்ளைகளுக்காவது பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

நான் பி.எஸ்சி. நர்ஸிங் படித்தது வெளிமாநிலத்தில். அங்குள்ள கவுன்சிலில் பதிவை முடித்துவிட்டுத்தான் ஊருக்கு வந்தேன். ஆனால் இங்கே வேலை பார்க்கத் தமிழ்நாடு நர்ஸிங் கவுன்சிலில் மறுபடி பதிய வேண்டும். அதற்குப் பழைய கவுன்சிலின் என்ஓசி, அதாவது தடையில்லாச் சான்று, வேண்டும். அது வருகிறவரை நாகர்கோவிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இருந்தேன். ஐசியு, நைட் டியூட்டி எல்லாம் மற்றவர்கள் மாதிரியேதான். சம்பளம் மட்டும் ட்ரெய்னி சம்பளம். அரசு ஆஸ்பத்திரிகளுக்கு நர்ஸ் எடுக்கும் எம்ஆர்பி தேர்வுக்கும் தமிழ்நாட்டுப் பதிவு கேட்பதால் அந்த வழியும் அடைபட்டுக் கிடந்தது.

என்ஓசி என்னாயிற்று என்று போனில் கேட்டால் 'பிராசஸில் இருக்கு' என்ற ஒரே பதில்தான். கடைசியில் நேரில் போனேன். அங்கே ஒரு அக்கா மனமிரங்கி ஃபைலை எடுத்துக் காட்டினார். மேல் தாளில் என் பெயரைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டு, ஓரத்தில் பெயர் பொருந்தவில்லை என்று எழுதியிருந்தது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் அப்பாவின் இனிஷியல் பெயருக்கு முன்னால். டிகிரியில் அதே எழுத்து பின்னால். பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப்பெயர். நம்மூரில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வெளியே போனால் மூன்றும் மூன்று ஆள்.

அந்தக் குறிப்பை எழுதிய அன்றே எனக்கு ஒரு எஸ்எம்எஸ் போட்டிருந்தால் அந்த வாரமே சரிசெய்திருப்பேன். குழித்துறை கோர்ட் பக்கம் நோட்டரி வக்கீலிடம், மூன்று பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று அஃபிடவிட் எடுக்க ஒரு காலைப்பொழுதுதான் ஆயிற்று. நினைத்தால் இன்றைக்கும் வயிறெரிகிறது. தப்பு இருந்தால் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறோம். சொல்லாமல் ஃபைலை மூடி வைப்பதால் யாருக்கு என்ன லாபம்?

அப்புறம் இங்கிலாந்து. அங்கே நர்ஸ்களைப் பதிவு செய்யும் அமைப்பான என்எம்சிக்கு, நம் பதிவு உண்மையானது என்று இங்குள்ள கவுன்சிலே நேரடியாகத் தெரிவிக்க வேண்டும். நாம் கையில் வாங்கி அனுப்பினால் செல்லாது. போலிச் சான்றிதழைத் தடுக்க இது அவசியம், அதில் எனக்கு மறுப்பே இல்லை. சிக்கல் என்னவென்றால், ஓஇடி என்ற ஆங்கிலத் தேர்வின் மதிப்பெண் இரண்டு வருடம்தான் செல்லும். கவுன்சிலின் இந்த வெரிஃபிகேஷன் இழுத்துக்கொண்டே போனால், கடன் வாங்கிப் படித்து எழுதிய பரீட்சை காலாவதியாகிவிடும். என்னோடு கோச்சிங் படித்த ஒரு தங்கச்சிக்கு அப்படியே நடந்தது.

அதனால் கோச்சிங்கில் பணம் கட்டுவதற்கு முன்பே பாஸ்போர்ட்டையும் எல்லாச் சான்றிதழ்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் பாருங்கள். கவுன்சில் பதிவு புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அஃபிடவிட் தேவைப்பட்டால் யாரும் கேட்கும்வரை காத்திராமல் முதல் விண்ணப்பத்தோடேயே சேர்த்து வையுங்கள். ஓஇடியில் ரைட்டிங்குக்கு சி பிளஸ் கிரேடு, ரீடிங், லிசனிங், ஸ்பீக்கிங் மூன்றுக்கும் பி கிரேடு வேண்டும். ஒன்றில் கொஞ்சம் குறைந்தால் பதறாதீர்கள். 12 மாதத்துக்குள் எழுதிய இரண்டு தேர்வுகளை நிபந்தனையோடு சேர்த்துக் காட்ட 2023 முதல் வழி இருக்கிறது.

சவுதியில் வேலை பார்க்கும் என் தோழி குளச்சல்காரி. அங்கே போக, சான்றிதழ் சரிபார்க்கும் டேட்டாஃப்ளோ நிறுவனம் மூலம் அவளுடைய டிகிரி, பதிவு எல்லாம் சரிபார்த்தார்கள். இங்கிலாந்துக்கு விண்ணப்பித்தபோது அதே பேப்பர்களை வைத்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது. இந்திய நர்ஸிங் கவுன்சிலின் என்ஆர்டிஎஸ் என்ற நர்ஸ் பதிவு இணையதளம் வழியாக ஒவ்வொரு நர்ஸுக்கும் ஒரு தனி எண் கொடுக்கிறார்கள். 2023இல் வந்த தேசிய நர்ஸிங் ஆணையச் சட்டமும் நாடு முழுவதற்கும் ஒரே ஆன்லைன் பதிவேடு வேண்டும் என்கிறது. அந்த எண்ணைத் தட்டினால் எந்த மாநிலக் கவுன்சிலும் நம் பதிவைப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஆகிவிட்டால், இந்த என்ஓசி அலைச்சலே தேவைப்படாது. வெளிநாட்டுக் கவுன்சிலுக்கும் அதிலிருந்தே பதில் போகலாம். அதுவரைக்கும், ஃபைல் எந்த மேஜையில், எதற்காக நிற்கிறது என்பதையாவது விண்ணப்பித்தவர் பார்க்க முடிய வேண்டும். இது பெரிய சலுகையே இல்லை. பாஸ்போர்ட் விண்ணப்பத்தின் நிலையை வீட்டிலிருந்தே பார்க்க முடிகிறதே!

பேப்பர் முழுதாகச் சேர்ந்த பிறகு என்எம்சி பக்கம் எனக்கு இழுபறி இல்லை. மிச்சம் இருந்தது அங்கே போய்ச் செய்து காட்டும் ஆஸ்கி என்ற செய்முறைத் தேர்வு. பத்து ஸ்டேஷன். தேறி, 'பின்' (PIN) என்கிற என்எம்சி பதிவு நம்பர் கைக்கு வருகிறவரை அங்கேயும் முழு நர்ஸ் சம்பளம் கிடையாது, அதற்குத் தயாராகப் போங்கள். இன்னொன்று, மருந்து கொடுக்கும் ஸ்டேஷனில் எவ்வளவு பதற்றமாக இருந்தாலும் நோயாளியின் பெயர், பிறந்த தேதி, அலர்ஜி மூன்றையும் வாய்விட்டுக் கேட்காமல் மாத்திரையைத் தொடாதீர்கள்.