ஒரே மைதானம்

கால்பந்து மேட்ச் இருக்கிற நாளில் காலை ஐந்தரைக்கே கோடு போட ஆரம்பித்துவிடுவேன். சுண்ணாம்புச் சட்டி, இரண்டு முளைக்குச்சி, இழுத்துக் கட்டிய கயிறு. குனிந்தபடியே பின்னால் நகர்ந்து தூவிக்கொண்டு வரவேண்டும். பெனால்டி பாக்ஸின் நீளக்கோடு மட்டும் 44 கெஜம். 1999-ல் உடற்கல்வி ஆசிரியராகக் கடலூருக்கு வந்ததிலிருந்து மஞ்சக்குப்பம் மைதானத்தில் இந்தக் கோட்டை எத்தனை முறை போட்டிருப்பேன் என்று எண்ணியதில்லை.

"இன்னும் அங்கேயேதான் இருக்கீங்களா?" என்று கல்யாண வீடுகளில் கேட்பார்கள். ரொம்ப வருஷம் அந்தக் கேள்வி என்னை உறுத்தியது. ஏதோ தவறவிட்டவன் போல ஒரு பதில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன்.

2006 ஜூன் 26. உலகக் கோப்பையில் இத்தாலியும் ஆஸ்திரேலியாவும். நம் நேரத்துக்கு இரவு எட்டரைக்கு ஆட்டம். என் வீட்டுக் கூடத்தில் பையன்கள் ஒருத்தன் மடியில் ஒருத்தனாக உட்கார்ந்திருந்தார்கள். இத்தாலி பத்துப் பேரோடு ஆடிக்கொண்டிருந்தது. தொண்ணூறு நிமிஷம் முடிந்து, நடுவர் சேர்த்துக் கொடுத்த நேரத்தின் கடைசியில் இத்தாலிக்கு ஒரு பெனால்டி. பந்தைக் கையில் எடுத்தவர் ஃபிரான்செஸ்கோ டோட்டி. "பிப்ரவரியில இவருக்குக் கால் எலும்பு முறிஞ்சுது. இப்ப உள்ள தகடும் ஸ்க்ரூவும் இருக்கு" என்றேன். கூடம் அமைதியாகிவிட்டது. அடித்தார், கோல். தேவனாம்பட்டினத்துப் பையன் ஒருவன் மட்டும் கத்தாமல், "எந்தக் கிளப்பு சார் இவரு?" என்று கேட்டான். ரோமா என்றேன். "அதுக்கு முன்னாடி?" அதுக்கு முன்னாடியும் ரோமாதான்.

அந்தப் பையன் அப்போது பதினொன்றாம் வகுப்பு. இடதுகால் ஆட்டக்காரன். சுனாமிக்கு அப்புறம் ஊரே மறுபடி எழுந்துகொண்டிருந்த நேரம். விடியற்காலை அப்பாவோடு வலை இழுத்துவிட்டு, மீன் வாசனை போகாத கையோடு பயிற்சிக்கு வந்து நிற்பான். 2008-ல் சென்னையில் ஒரு கம்பெனி அணிக்கு ஆள் எடுத்தார்கள். நானே கூட்டிக்கொண்டு போனேன். தேர்வானான், வேலையும் உண்டு என்றார்கள். ஒரு வாரம் கழித்து வந்து நின்றான். "மெட்ராஸ் வேணாம் சார். ஊர் டீம்லயே ஆடிக்கிறேன்."

எனக்கு வந்த கோபத்தில், "கிணத்துத் தவளையாவே இருந்துட்டுப் போ" என்று சொல்லிவிட்டேன். அவன் எதிர்த்துப் பேசவில்லை. சிதறிக் கிடந்த பந்துகளைப் பொறுக்கி வலைப்பையில் போட்டு, வாயை இறுக்கிக் கட்டி, அறையில் வைத்துவிட்டுப் போனான். அந்தச் சொல்லை நினைத்தால் இன்றைக்கும் மனசு கூசுகிறது.

டோட்டியின் ஆட்டத்தை வருஷக்கணக்காகத் தொடர்ந்து பார்த்த பிறகுதான் என் தப்பு எனக்குப் புரிந்தது. அவர் ரோம் நகரத்திலேயே பிறந்தவர். சின்னப் பையனாக இருந்தபோது மிலான் கிளப் கேட்டு வந்தது, அம்மா ஃபியோரெல்லா அனுப்ப மறுத்துவிட்டார். 1993 மார்ச் 28-ல், பதினாறு வயதில், ரோமாவுக்காக முதல் ஆட்டம். பின்னாளில் ரியல் மாட்ரிட் கூப்பிட்டபோதும் போகவில்லை. போயிருந்தால் அலமாரி நிறையக் கோப்பைகள் சேர்ந்திருக்கும். ரோமாவில் அவருக்குக் கிடைத்த லீக் பட்டம் 2001-ல் வந்த ஒன்றே ஒன்றுதான்.

ஆனால் ஒரே இடத்தில் இருந்த அந்த மனுஷன் ஒரே வேலையைச் செய்துகொண்டிருக்கவில்லை. ஆரம்பத்தில் இடது ஓரத்தில் ஓடினார். அப்புறம் முன்னால் நின்று கோல் அடிக்கிற ஃபார்வர்டுகளுக்குப் பின்னால் நின்று பந்து ஊட்டினார். 2005 கடைசியில் ஃபார்வர்டுகள் காயத்தில் படுத்துவிட, பயிற்சியாளர் ஸ்பாலெட்டி இவரை முன்னால் தனியாக நிறுத்தினார். இவரோ அங்கேயே நிற்காமல் பின்னால் இறங்கி வருவார். கூடவே கோல் முன்னால் காவல் நிற்கிற எதிரணி ஸ்டாப்பரும் இழுபட்டு வருவார். அவர் விட்டுவிட்டு வந்த காலியிடத்துக்குள் ரோமாவின் நடுக்கள ஆட்கள் பாய்ந்து போவார்கள். இதைக் கூழாங்கற்களை வைத்து மண்ணில் பையன்களுக்கு எத்தனையோ முறை காட்டியிருக்கிறேன். 2006-07 பருவத்தில், முப்பது வயதில், லீகில் 26 கோல் அடித்து லீக் ஆட்டங்களில் கோல் குவிப்பவருக்குத் தருகிற ஐரோப்பிய தங்கக் காலணி விருதை வாங்கினார். 2016 ஏப்ரலில் டொரினோவுக்கு எதிராக ரோமா 1-2 என்று பின்தங்கியிருந்தபோது, 86-வது நிமிஷத்தில் மாற்று ஆளாக இறங்கி இரண்டு கோல். வயது 39. தங்கிவிடுவது சும்மா கிடப்பதில்லை என்பதை அந்த நாலு நிமிஷ ஆட்டத்தில்தான் நான் முழுசாக ஒத்துக்கொண்டேன்.

அந்தப் பையனையும் அப்போதுதான் சரியாகப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்து ஓய்ந்த பிறகு, மைதானத்தில் மரம் விழுந்து கோல் போஸ்ட் வளைந்து கிடந்தது. ஊரில் படகுகளெல்லாம் சேதம். தன் வீட்டுக் கூரையை நாலு நாளில் சரிபண்ணிவிட்டு, ஐந்தாம் நாள் மரம் அறுக்கிற ரம்பத்தோடு நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தான். நான் கூப்பிடவே இல்லை. இருபது வயசில் ஓரத்தில் விங்கராக ஓடியவன், முப்பதில் நடுவில் ஆடினான். இப்போது ஸ்டாப்பர். பின்னால் நின்றுகொண்டு, "டேய், லெஃப்ட்ல ஆள் வர்றான் பாரு" என்று சின்னப் பையன்களை நகர்த்திக்கொண்டே இருப்பான். அவன் குரல் கேட்டால் எனக்குத் தைரியம்.

டோட்டியின் கடைசி ஆட்டம் 2017 மே 28, ஜெனோவாவுக்கு எதிராக. மொத்தம் 786 ஆட்டம், 307 கோல். அரங்கம் முழுக்க அழ, கையில் ஒரு கடிதத்தை வைத்துக்கொண்டு தனக்குப் பயமாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னார். அவ்வளவு பெரிய ஆள் அப்படிச் சொன்னதைப் பார்த்தபோது, நான் ஓய்வுபெறப் போகிற நாளைப் பற்றி எனக்குள் இருந்த பயத்தையும் வீட்டில் சொல்ல முடிந்தது.

போன மார்கழியில், பொங்கல் டோர்னமென்ட்டுக்குப் பெயர்ப் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தேன். அவன் வலது முழங்காலில் நீர் கோத்து வீங்கியிருந்தது. பக்கத்தில் வந்து உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டான்.

"பதினோரு பேர்ல என்னை எடுத்துடுங்க சார். பேரு மட்டும் லிஸ்ட்ல இருக்கட்டும்."

சரிடா என்றேன். பதினாறாவதாக அவன் பெயரை எழுதினேன். எழுதி முடிக்கிறவரை பேப்பரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கையை ஊன்றி எழுந்து, சுண்ணாம்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு கோடு போடப் போனான்.