அப்பாவின் இருபத்தைந்து நிமிடங்கள்

சென்ற கார்த்திகையில் ஒரு காலை, காப்பி டம்ளர் அப்பாவின் வலது கையிலிருந்து நழுவி வேட்டியெல்லாம் கொட்டியது. அவர் குனிந்துகூடப் பார்க்காததுதான் என்னைத் திடுக்கிட வைத்தது. வாயின் வலது ஓரம் தொங்கியிருந்தது. பேச முயன்றபோது நாக்குக் குழறியது. உடனே தம்பியை அழைத்தேன். அடுத்து 108-க்குச் சொன்னேன். ஆனால் ஆம்புலன்ஸ் வாசலுக்கு வந்தபோது அவர் அந்தக் கையாலேயே வேட்டியைச் சரிசெய்துகொண்டு, "ஒண்ணும் இல்லம்மா, பித்தம்தான். வண்டியத் திருப்பி அனுப்பிடு" என்று தெளிவாகச் சொன்னார். நான் அனுப்பவில்லை. இதற்கு இரண்டு மாதங்களுக்கு முன் இதேபோல் கை மரத்துப்போனபோது, அருகிலிருந்த மருத்துவர் ஒருவர் அசதி என்று சொல்லிச் சத்து மாத்திரை கொடுத்து அனுப்பியிருந்தார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அவசரப் பிரிவில் முதலில் விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்த்தார்கள். சர்க்கரை மிகவும் தாழ்ந்தாலும் இப்படியே கை விழும், வாய் குழறும் என்பதை அன்றுதான் அறிந்தேன். இரத்த அழுத்தம் 160/90 இருந்தது. நரம்பியல் மருத்துவர் அப்பாவைக் கையைத் தூக்கவும் நடக்கவும் சொல்லிப் பார்த்தார்; குறை ஒன்றும் தென்படவில்லை. பிறகு நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு கேட்கத் தொடங்கினார். கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்? ஒரே கணத்தில் வந்ததா, விரலில் தொடங்கி மெல்ல மேலே ஏறியதா? கை வெட்டி இழுத்ததா? நினைவு தப்பியதா? நீங்கள் சொன்னது அவருக்குப் புரிந்ததா? மெல்லப் பரவினால் ஒற்றைத் தலைவலியாகவும், வெட்டி இழுத்தால் வலிப்பாகவும் இருக்கலாம் என்றும், அப்பாவுக்கு வந்ததாக அவர் சந்தேகித்த மினி ஸ்ட்ரோக் (மூளைக்குப் போகும் இரத்தம் சிறிது நேரம் தடைப்பட்டுத் தானே சீராகும் நிலை) பெரும்பாலும் நோயாளி மருத்துவரிடம் வந்து சேருமுன்பே மறைந்துவிடுவதால் பார்த்தவர் சொல்லும் விவரமே முதல் சோதனை என்றும் அவர் விளக்கினார். நேரத்தை மட்டும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அலைபேசியைத் திறந்தபோது தம்பியை அழைத்த நேரம் 6:42 என்று இருந்தது. ஆம்புலன்ஸ் ஊழியர் வாசலில் நின்று பேசியது 7:07. இருபத்தைந்து நிமிடம்.

அதையும் வைத்து, அடுத்து முழுப் பக்கவாதம் வரும் ஆபத்து எவ்வளவு என்று கணிக்க அவர் ஒரு தாளில் மதிப்பெண் போட்டார். வயது 60-ஐத் தாண்டியதற்கு 1, இரத்த அழுத்தத்துக்கு 1, ஒரு பக்கம் வலுவிழந்ததற்கு 2, பத்து நிமிடத்துக்கு மேல் ஒரு மணிக்குள் நீடித்ததற்கு 1, சர்க்கரை நோய்க்கு 1. ஆக 7-க்கு 6. முழுப் பக்கவாதம் வரும் ஆபத்து முதல் 48 மணி நேரத்தில்தான் மிக அதிகம் என்பதால் வீட்டுக்கு அனுப்ப முடியாது என்றார். அப்பா அப்போதுதான் வாதாடுவதை நிறுத்தினார்.

சி.டி. ஸ்கேனில் இரத்தக்கசிவு இல்லை, எம்.ஆர்.ஐ.யிலும் புதிய பாதிப்பு தெரியவில்லை. எம்.ஆர்.ஐ. சுத்தமாக இருப்பதால் நடந்தது இல்லையென்று ஆகிவிடாது என்று மருத்துவர் அழுத்திச் சொன்னார். கழுத்து இரத்தக்குழாய்களைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேனில் இடப்பக்கக் குழாயில் கொழுப்புப் படிவு இருந்தது; அடைப்பு பாதி அளவுக்கும் குறைவு என்பதால் அறுவை சிகிச்சை தேவைப்படவில்லை. இதயத் துடிப்பு ஒழுங்கு தவறுகிறதா என்று பார்க்க 24 மணி நேரம் ஹோல்டர் கருவியை மார்பில் கட்டினார்கள், அதில் குறையில்லை.

இரத்தம் கட்டியாகாமல் தடுக்கும் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் சேர்த்து 21 நாட்கள், பிறகு ஆஸ்பிரின் மட்டும், இரவில் கொழுப்பு மாத்திரை என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்த 21 நாட்களையும் அப்பாவே தினசரி நாட்காட்டித் தாள்களின் ஓரத்தில், வலது கையால், ஒவ்வொன்றாகக் குறித்துவந்தார்.