மாதா கோயில் வளைவை வரைந்து பார்த்தது

முகப்பு முடிந்தது. இப்போது நோட்டில் ஓடிக்கொண்டிருப்பது உள்கூடம். செட்டியார் வீடுகளாகவே வரைந்து கை ஒரே மாதிரி பழகிவிட்டதால்தான் தேவகோட்டையை ஒட்டியுள்ள இந்தப் பழைய மாதா கோயில் பக்கம் வந்தேன்.

நம் வீடுகளில் வளவுத் தூண் (வளவு என்றால் வீட்டின் உள்முற்றம்), அதன்மேல் உத்தரம், அதற்குமேல் கட்டை, செங்கல், சுண்ணாம்புத் தளம். பாரம் நேரே கீழே இறங்கும். ஸ்கேலை வைத்தால் பாதி வேலை முடிந்தது. இங்கே தூணுக்குத் தூண் கூர் வளைவு. கண் அளவில் இழுத்தால் உரித்த வெங்காயம்தான் வரும்.

சரி, கொத்தனார் வழியிலேயே போவோம் என்று காம்பஸை எடுத்தேன். வளைவு தொடங்கும் இரண்டு புள்ளிகளைக் குறித்துக்கொள்ள வேண்டும். இடப்பக்கம் முள்ளை ஊன்றி வலப்புள்ளியிலிருந்து மேலே ஒரு வில், வலப்பக்கம் ஊன்றி இடப்புள்ளியிலிருந்து இன்னொன்று. இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடம் உச்சி. அகலம் 4 அடி என்றால் உச்சி ஏறக்குறைய 3½ அடி ஏறும். அதே அகலத்துக்கு அரைவட்டம் 2 அடிதான். வேலை நடக்கும் இடத்தில் காம்பஸுக்குப் பதில் ஆணியும் கயிறும், அவ்வளவுதான்.

இந்த உயரம் அழகுக்கு மட்டும் இல்லை. வளைவு பாரத்தைப் பக்கவாட்டிலும் தள்ளும்; கூர்ந்து ஏற ஏற அந்தத் தள்ளல் குறையும். மிச்சத்தைத் தாங்கிக்கொள்ளத்தான் வெளியே முட்டுச் சுவர்கள். படிப்படியாகக் குறுகி ஏறும் அவை ஒவ்வொன்றும் உள்ளே ஒரு தூணுக்கு நேரே நிற்கின்றன. அது பிடிபட்டதும் தரைப்படம் மளமளவென்று வந்துவிட்டது.

"நாலு மணிக்கு மேல வாங்க தம்பி, அப்பத்தான் வெளிச்சம் உள்ள வரும்" என்றார் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை. பூசை வைக்கும் பீடம் கிழக்கே, வாசல் மேற்கே. சாயங்கால வெயில் முகப்பின் வட்டச் சன்னல் வழியே இறங்கி ஆத்தங்குடிக் கல்லில் சிவப்பும் நீலமுமாக விழுகிறது. ஐரோப்பிய வளைவுக்குக் கீழே நம்மூர்ப் பூக்கல்! சுவரை ஒட்டிய பழைய பீடத்தை அப்படியே விட்டிருக்கிறார்கள். கத்தோலிக்க ஆயர்கள் கூடிய 1962–65 வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு சாமியார் மக்களைப் பார்த்துப் பூசை வைக்கும் வழக்கம் வந்ததால், பழைய பீடத்துக்கு எதிரே தனியாக ஒரு மேசைப் பீடம்.

தூண்களுக்கு எனாமல் அடித்திருப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. சுண்ணாம்புக் காரை மூச்சுவிட வேண்டும். எனாமல் ஈரத்தை உள்ளேயே பூட்டிவிடும். அடியில் இப்போதே கொப்புளம் கிளம்பியிருக்கிறது. படத்தில் அதையும் வரைந்திருக்கிறேன்.

அடுத்து மானாமதுரைப் பக்கம் இடைக்காட்டூர். பிரான்சின் ரீம்ஸ் பேராலயத்தை மாதிரியாக வைத்து பிரெஞ்சுப் பாதிரியார் ஃபெர்டினான்ட் செல் 1894-இல் கட்டிய திரு இருதய ஆலயம் அங்கே இருக்கிறது. அதற்குமுன் இங்கே மணிக்கூண்டு பாக்கி. ஏணிக்குச் சாமியாரிடம் கேட்டிருக்கிறேன், ஞாயிறு பூசை முடிந்து வரச் சொல்லியிருக்கிறார்.