எதோடு ஒப்பிட்டாய்?

பள்ளி நினைவு ஒன்று எழுதித் தரும்படி மலர்க் குழுவினர் கேட்டதும் விளையாட்டுப் போட்டியைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். நான் எந்தப் போட்டியிலும் ஜெயித்ததில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. சரி, நோவாவைப் பற்றி எழுதுகிறேன். திடீரென்று பிரகாசமாகிப் பிறகு மங்கிப்போகும் நட்சத்திரத்துக்குத்தான் அந்தப் பெயர்.

1975 ஆகஸ்ட் 31, ஞாயிற்றுக்கிழமை, மலேசியாவின் சுதந்திர நாளான மெர்டேக்கா நாள். பொழுது சாயும் நேரத்தில் எங்கள் அறிவியல் சார் மோட்டார் சைக்கிளில் வந்து வாசலில் நின்றார். "தம்பி, அன்னத்தின் வாலுக்குப் பின்னால புதுசா ஒண்ணு முளைச்சிருக்கு. நோட்டை எடுத்துக்கிட்டு வா." பக்கத்துத் தெரு நண்பனையும் ஏற்றிக்கொண்டு, ஒரே மோட்டாரில் மூன்று பேர் பினாங்கின் தஞ்சோங் பூங்கா கடற்கரைக்குப் போனோம். அங்கே கடல் வடக்குப் பார்த்து இருக்கும். எதிரே விளக்கு குறைவு. நிலாவும் இல்லை.

சிக்னஸ் என்னும் அன்ன மண்டலத்தின் வாலில் இருப்பது டெனெப். அதிலிருந்து ஏறக்குறைய ஆறு பாகை தள்ளி, படத்தில் இல்லாத ஒரு நட்சத்திரம். ஜப்பானில் மினோரு ஹோண்டா அதை வெள்ளிக்கிழமையே கண்டுவிட்டார் என்பதெல்லாம் பிறகு தெரிந்த சேதி. அன்றைக்கு அது எங்கள் மூவருக்கு மட்டும் சொந்தமானதுபோல் இருந்தது.

"எவ்வளவு பிரகாசம்னு சொல்லு" என்றார் சார். பிரகாசத்தை வெறும் கண்ணால் அளக்க ஒரே வழிதான் உண்டு. பொலிவெண், அதாவது பிரகாசத்தைக் குறிக்கும் எண், தெரிந்த இரண்டு நட்சத்திரங்களுக்கு நடுவே அதை நிறுத்திப் பார்க்கவேண்டும். எண் சிறிதானால் ஒளி அதிகம். டெனெப் 1.25, அன்னத்தின் நெஞ்சில் இருக்கும் சதர் 2.23. நோவா இரண்டுக்கும் நடுவில் நின்றது. 1.8 என்று எழுதினேன். எண்ணை மட்டும் எழுதினேன்.

நோவா வந்த வேகத்திலேயே மங்கிக்கொண்டிருந்தது. திங்கள், செவ்வாய் இரவுகளிலும் போனோம். புதன்கிழமை சார் இருவர் நோட்டையும் வாங்கி வரைபடத்தாளில் புள்ளி வைத்தார். நண்பனுடைய கோடு திங்களன்று 3.5க்கு விழுந்து, செவ்வாயன்று 3.1க்கு ஏறியிருந்தது. "நோவா திரும்ப ஏறுது சார்!" என்று அவன் துள்ளினான். எனக்கு வயிறு எரிந்தது, பொய் சொல்வானேன்.

சார் கேட்டது ஒன்றுதான்: "எதோட ஒப்பிட்டே?"

நண்பன் எழுதி வைத்திருந்தான். திங்களன்று அன்னத்தின் ஒரு சிறகிலுள்ள எப்சிலான் என்ற நட்சத்திரம். செவ்வாயன்று அது தென்னை மட்டைக்குப் பின்னால் போய்விட்டதால் மறு சிறகிலுள்ள டெல்ட்டா. சார் நூலகத்துப் பழைய பட்டியலைப் புரட்டினார். அதில் ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் இரண்டு எண்கள், ஒன்று கண்ணுக்கு, மற்றது புகைப்படத் தகட்டுக்கு. அந்தக் காலத்துத் தகடு நீல ஒளிக்குத்தான் மசியும். எப்சிலான் ஆரஞ்சு நிறம். கண்ணுக்கு 2.5 ஆக இருப்பது தகட்டில் ஏறக்குறைய ஒரு படி மங்கி 3.5 ஆகத் தெரியும். டெல்ட்டா நீலவெள்ளை, ஆகவே இரண்டு எண்ணும் ஒன்றுபோலத்தான். நண்பன் தகட்டு வரிசையைப் பார்த்து எழுதியிருக்கிறான். சார் 3.5ஐ அடித்து 2.5 என்று போட்டதும் கோடு ஒழுங்காக இறங்கியது.

என் நோட்டிலும் செவ்வாய்க்கிழமைப் புள்ளி எங்கேயோ எகிறி நின்றது. நான் எதோடு ஒப்பிட்டேன் என்று எனக்கே ஞாபகமில்லை. சார் திட்டவில்லை. பென்சிலால் அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, "இதை ஒண்ணும் செய்ய முடியாதுப்பா" என்றார். அவன் தப்பைத் திருத்த முடிந்தது, என்னுடையதைக் குப்பையில்தான் போட முடிந்தது. அந்த வட்டம் இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

அன்றே ஒரு கோடு போட்ட நோட்டு தந்தார். எண்ணுக்கு முன்னால் ஒப்பு நட்சத்திரத்தின் பெயருக்கு ஒரு கட்டம். கூடுமானவரை அதே நட்சத்திரங்களையே வைத்துக்கொள்ளவேண்டும். நோவா மங்கி, வேறு நட்சத்திரத்துக்கு மாறியே ஆகவேண்டும் என்றால் ஒரு இரவாவது பழையதோடும் புதியதோடும் சேர்த்துப் பார்க்கவேண்டும். சிவந்ததை முறைத்துப் பார்க்கக்கூடாது, பார்க்கப் பார்க்கப் பிரகாசமாகிக்கொண்டே போகும். நாங்கள் இதையெல்லாம் கற்றுக்கொண்ட நேரத்தில் நோவா கண்ணுக்கு எட்டாமல் போய்க்கொண்டிருந்தது. இன்று அதற்கு V1500 சிக்னி என்று பெயர்.

இப்போது நான் இருக்கும் மெல்பர்னில் டெனெப் அடிவானத்தை விட்டு ஏழு பாகைகூட ஏறாது. ஆனால் 2013 டிசம்பரில் சென்டாரஸ் மண்டலத்தில் ஒரு நோவா வந்தது, வெறும் கண்ணுக்கே தெரிந்தது. ஒரு விடியற்காலை பார்த்துவிட்டு, கோலாலம்பூரில் இருக்கும் நண்பனைக் கூப்பிட்டு எண்ணைச் சொன்னேன். பல வருடங்களுக்குப் பிறகு பேசுகிறோம். வீட்டில் எல்லாரும் சுகமா என்றுகூட அவன் கேட்கவில்லை.

"எதோடடா ஒப்பிட்டே?" என்றான்.