கவுன்சில் கேருக்கு எவ்வளவு கட்ட வேண்டும்: படிவத்தில் காசு தவறிப்போகும் இடங்கள்

காலையும் மாலையும் கேரர், அதாவது பராமரிக்க வரும் ஆள், வந்து போகத் தொடங்கி இரண்டு மாதம் கழித்துக் கவுன்சிலிடமிருந்து ஆயிரத்துச் சொச்சம் பவுணுக்கு பில் வரும். பல வீடுகளில் ஃபைனான்சியல் அசெஸ்மென்ட், அதாவது வருமானத்தையும் சேமிப்பையும் பார்த்து நீங்கள் எவ்வளவு கட்ட வேண்டும் என்று கவுன்சில் போடும் கணக்கு, என்ற சொல்லே அன்றைக்குத்தான் காதில் விழுகிறது. இங்கிலாந்தில் வைத்தியம் இலவசம், பராமரிப்பு அப்படியல்ல. இங்கே சொல்வது எல்லாம் இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்கொட்லாந்திலும் வேல்ஸிலும் வட அயர்லாந்திலும் விதிகள் வேறு.

2014ஆம் ஆண்டின் கேர் சட்டம் கவுன்சிலுக்குக் கட்டணம் அறவிட அனுமதி கொடுக்கிறது, கட்டாயப்படுத்தவில்லை. ஹமர்ஸ்மித் அண்ட் ஃபுல்ஹம் கவுன்சில் வீட்டுப் பராமரிப்புக் கட்டணத்தை 2015இலேயே கைவிட்டது. மற்றக் கவுன்சில்களில் பெரும்பாலானவை அறவிடுகின்றன. சிலவற்றுக்கு எந்தக் கவுன்சிலும் காசு கேட்க முடியாது: தேவை மதிப்பீடு, ஆஸ்பத்திரியால் வந்தவுடன் தரும் ஆறு கிழமை வரையான மீள்பயிற்சிப் பராமரிப்பு, 1,000 பவுணுக்குள் முடியும் கைப்பிடி, சரிவுப்பாதை போன்ற சிறு மாற்றங்கள், மனநலச் சட்டத்தின் 117ஆம் பிரிவில் வரும் பராமரிப்பு (மனநல ஆஸ்பத்திரியில் கட்டாயமாக வைத்திருந்தவருக்கு வெளியே வந்த பிறகு தருவது). ஆறு கிழமை முடிந்த நாளை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். பில் ஓடத் தொடங்குவது அங்கேதான்.

இந்த மதிப்பீட்டுக்கான படிவம் வந்தால் மேசையில் கிடக்க விடக் கூடாது. பதில் போடாதவரிடம் காசு நிறைய இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு கவுன்சில் முழுச் செலவையும் போடலாம். மதிப்பீடு பிந்தினாலும் கட்டணம் பராமரிப்பு தொடங்கிய நாளிலிருந்தே கணக்கிடப்படும். முதல் பில் அவ்வளவு பெரிதாக வருவது அதனால்தான்.

கணக்கு எப்படி ஓடுகிறது என்று ஒரு உதாரணத்தில் பார்க்கலாம். கவுன்சில் வீட்டில் தனியாக இருக்கும் 80 வயது அம்மா. வாடகையும் கவுன்சில் டாக்ஸும் உதவித்தொகையிலேயே போய்விடுகின்றன. 2025-26 விகிதத்தில், தனியாக இருப்பவர்களுக்கான கடும் இயலாமைத் தொகையும் சேர்ந்து, ஸ்டேட் பென்ஷனும் பென்ஷன் கிரெடிட்டுமாக (குறைந்த வருமானமுள்ள பென்ஷன்காரருக்கு அரசு தரும் கூடுதல் தொகை) வாரம் 310 பவுண். பராமரிப்பு தேவைப்படும் பென்ஷன் வயதினருக்கான அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் கீழ் நிலையில் 73.90. மொத்தம் 383.90. பென்ஷன் வயதில் தனியாக இருப்பவரின் கையில் வாரம் 232.60 பவுண் மிஞ்சியே ஆக வேண்டும் என்பது அந்த ஆண்டின் விதி. அதைக் கழித்தால் 151.30. செலவுப் பக்கத்தை வெறுமையாக விட்டால் இந்த அம்மாவிடம் வாரம் 151.30 வரை கேட்பார்கள். பராமரிப்பின் உண்மையான செலவு அதைவிடக் குறைவென்றால் அந்தச் செலவு மட்டும்தான்.

அந்தச் செலவுப் பக்கத்துக்குப் பெயர் டி.ஆர்.இ., இயலாமையால் ஏற்படும் கூடுதல் செலவு. நாங்கள் பார்க்கும் படிவங்களில் அதிகம் வெறுமையாகக் கிடப்பது இதுதான். ‘அதெல்லாம் சின்னச் செலவு, எதுக்கு எழுதுவான்’ என்பார்கள். அதே அம்மாவுக்குக் கழுத்தில் மாட்டும் அவசர அலாரம் வாரம் 5.50, ஒரு மணி நேரம் வந்து கூட்டித் துடைப்பவருக்கு 16, சிறுநீர் கட்டுப்படாததால் கூடுதலாகக் கழுவும் படுக்கை விரிப்புக்கும் உடுப்புக்கும் 4.50, பஸ் ஏற முடியாததால் பிடிக்கும் டாக்சிக்கு 6 என்று எழுதினால் 32 பவுண். கட்டணம் 119.30 ஆகக் குறையும். வருஷத்துக்கு 1,664 பவுண் மிச்சம்.

எழுதும்போது ஒவ்வொன்றுக்கும் ‘ஏன்’ இருக்க வேண்டும். ‘ஹீட்டிங் கூட’ என்றால் தள்ளிவிடுவார்கள். ‘நடக்க முடியாது, நாள் முழுக்க ஒரே அறையில் இருப்பவர், கை கால் குளிர்ந்துபோகும், பகலிலும் ஹீட்டிங் ஓட வேண்டும்’ என்று எழுதி 12 மாத கரண்ட், காஸ் பில்லை இணைக்க வேண்டும். அவர்கள் அதைச் சாதாரண வீட்டின் சராசரியோடு ஒப்பிட்டு வித்தியாசத்தைத்தான் தருவார்கள், முழு பில்லை அல்ல. உடுப்புக் கழுவுவதும் அப்படித்தான்: வாரத்துக்கு எத்தனை தடவை மெஷின் போடுகிறீர்கள் என்று எண்ணி எழுதுங்கள். சுத்தம் செய்பவருக்குக் கையில் காசு கொடுத்தால் ரசீது இருக்காது. வங்கி மாற்றமாகக் கொடுங்கள். அதே வீட்டில் இருக்கும் மகளுக்குக் கொடுத்ததாகக் காட்டும் காசு பெரும்பாலும் ஏற்கப்படாது. ‘கேர் பிளானில் (கவுன்சில் எழுதித் தரும் பராமரிப்புத் திட்டம்) இல்லாததைத் தர முடியாது’ என்று சொன்னால், அரசின் வழிகாட்டுதல் கேர் பிளானைத் தொடக்கமாகத்தான் வைக்கிறது, எல்லையாக அல்ல என்று எழுதிப் பதில் கேளுங்கள்.

இயலாமை உதவித்தொகையான பி.ஐ.பி.யின் நடமாட்டப் பகுதியை வருமானத்தில் சேர்க்கக் கூடாது. வேலைச் சம்பளத்தையும் சேர்க்கக் கூடாது. அட்டெண்டன்ஸ் அலவன்ஸைச் சேர்ப்பார்கள். ‘கவுன்சில்தானே எடுக்கப்போகிறது’ என்று அதற்கு விண்ணப்பிக்காமல் விடுவது தப்புக் கணக்கு. மேலே சொன்ன கடும் இயலாமைத் தொகைக்கு வாசலே அந்த அலவன்ஸ்தான்.

சேமிப்பு 23,250 பவுணுக்கு மேல் என்றால் முழுச் செலவும் உங்களுடையது. 14,250க்குக் கீழே என்றால் அதைத் தொட மாட்டார்கள். இடையில் இருந்தால் ஒவ்வொரு 250க்கும், அதில் ஒரு பகுதிக்கும், வாரம் 1 பவுண் வருமானமாகச் சேரும். 18,300 வைத்திருப்பவருக்கு வாரம் 17. பத்து வருஷத்துக்கு மேலாக இந்த எல்லைகள் அசையவே இல்லை. விலைவாசி எங்கேயோ போய்விட்டது.

வீட்டிலேயே பராமரிப்பு என்றால் குடியிருக்கும் வீட்டைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். கட்டிய தாலிக்கொடியும் வளையலும் சொந்த உடைமை. கட்டணத்தைத் தப்ப வாங்கியதாக இருந்தாலொழிய சேராது. ஊரில் உள்ள காணி சேரும். வெளிநாட்டுச் சொத்தையும் எழுதச் சொல்கிறார்கள், எழுதத்தான் வேண்டும். விற்கும் செலவுக்கென்று பெறுமதியில் 10 சதவீதம் கழிப்பார்கள். கூட்டுச் சொத்து என்றால் உங்கள் பங்கை மட்டும் என்ன விலைக்கு ஒருவர் வாங்குவார் என்பதே கணக்கு. சகோதரர் குடியிருக்கும் காணியில் கால் பங்கை யார் வாங்குவார் என்று நீங்களே யோசியுங்கள். அதைக் கடிதத்திலும் எழுதுங்கள்.

மகளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்ததைப் பற்றிக் கேட்டால் உறுதியின் தேதியைக் காட்டுங்கள். பராமரிப்பு தேவைப்படும் என்று யாரும் நினைக்காத காலத்தில் கொடுத்ததைக் கட்டணம் தப்பக் கொடுத்ததாகச் சொல்ல முடியாது. ஏழு வருஷம் கழிந்தால் கேட்க மாட்டார்கள் என்ற கதை வாரிசு வரியிலிருந்து வந்தது. இங்கே கால வரம்பு இல்லை, நோக்கத்தைத்தான் பார்ப்பார்கள். மாதாமாதம் சீட்டுக்குக் கட்டும் 500 பவுணும் வங்கிக் கணக்கில் ‘பணம் எடுத்தது’ என்றுதான் தெரியும். எங்கே போனது என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

கணவன், மனைவி இருவரில் பராமரிப்பு பெறுபவரின் காசு மட்டுமே கணக்கு. கூட்டுக் கணக்கில் பாதி. மற்றவரின் பென்ஷன் விபரத்தைக் கேட்டால் ஏன் என்று கேளுங்கள்.

கேர் ஹோம் என்றால் கையில் விடுவது, 2025-26 விகிதத்தில், வாரம் 30.65 பவுண் மட்டும். வீடும் சேரும், ஆனால் முதல் 12 கிழமை சேராது. துணைவரோ 60 வயது கடந்த உறவினரோ அங்கே குடியிருந்தால் அதற்குப் பிறகும் சேராது. விற்க விருப்பமில்லையென்றால் ஒத்திவைத்த கட்டண ஒப்பந்தம் (கட்டணத்தைப் பிறகு வீட்டிலிருந்து எடுக்கும் ஏற்பாடு) கேட்கலாம். வட்டியோடு அது வீட்டின் மேல் நிற்கும். ‘இந்த ஹோமுக்குப் பிள்ளைகள் மேலதிகமாகக் கட்ட வேண்டும்’ என்றால், மேலதிகம் கட்டாமல் போகக்கூடிய ஒரு ஹோமையாவது காட்டச் சொல்லிக் கேட்ட பிறகே கையெழுத்திடுங்கள்.

முடிவு பிழையென்றால் முதலில் கணக்குத் தாளை வரிவரியாகக் கேட்டு எழுதுங்கள், பிறகு மறுபரிசீலனை, பிறகு கவுன்சிலின் புகார் நடைமுறை, அதற்கும் பிறகுதான் கவுன்சில்கள் மீதான முறைப்பாட்டை விசாரிக்கும் உள்ளூராட்சி மற்றும் சமூகப் பராமரிப்பு ஒம்புட்ஸ்மன். இதற்கிடையில் சரியென்று நினைக்கும் தொகையைக் கட்டிக்கொண்டே இருங்கள்; மிச்சத்துக்குத் தகராறு இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் மின்னஞ்சலில் எழுதுங்கள். ஏப்ரலில் பென்ஷன் கூடும்போது புதிய கணக்குத் தாள் வரும். போன வருஷம் சேர்த்த டி.ஆர்.இ. அதில் அப்படியே நிற்கிறதா என்று பாருங்கள்.